உங்கள் கை பட்டு வந்ததல்ல இந்தத் தொற்று

கேள்வி: எனக்கு 26 வயது. 31 வாரத்தில் பனிக்குடம் உடைந்து, 20 மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. எடை 1,380 கிராம். எங்கள் ஊரில் உள்ள தனியார் மருத்துவமனையின் பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். முதல் பத்து நாள் நன்றாகத்தான் இருந்தாள். 11ஆம் நாள் வயிறு உப்பி, மூச்சு விட்டு விட்டு வந்தது. ரத்தத்தில் ‘கிளெப்சியெல்லா’ என்ற கிருமி இருப்பதாகச் சொல்லி மருந்தை மாற்றினார்கள். இன்று 18ஆம் நாள். ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். குழாய் வழியாகப் பால் கொடுக்கிறார்கள். தொற்று வந்ததிலிருந்து என்னைக் குழந்தையைத் தொட விடுவதில்லை. தினமும் பத்து நிமிடம் தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். ‘நீ உள்ளே போய்த் தொட்டதால்தான் வந்தது, உன் பாலில்தான் ஏதோ இருக்கிறது’ என்கிறார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பால் எடுப்பதைத் தினம் இரண்டு முறையாகக் குறைத்துவிட்டேன். பவுடர் பால் கொடுக்கிறார்கள். இது என்னால்தான் வந்ததா? குழந்தையை வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. இந்தத் தொற்று உங்களால் வந்ததல்ல. பால் எடுப்பதை இன்றே பழையபடி தொடங்குங்கள். குழந்தையைத் தொட அனுமதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்றும் எழுதுகிறேன்.

பச்சிளங் குழந்தைகள் பிரிவில் செவிலியராகவும், பிறகு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராகவும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை; அவளுக்கான சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் அங்குள்ள மருத்துவர்தான். ஆனால் உங்கள் தலையில் விழுந்திருக்கும் பழி நியாயமற்றது என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியும்.

நாள் கணக்கைப் பாருங்கள். பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆனால், பிறப்புப் பாதையில் உள்ள கிருமி மேலேறிக் குழந்தையைத் தாக்கலாம் என்பது உண்மை. 18 மணி நேரம் தாண்டினாலே நாங்கள் எச்சரிக்கையாகிவிடுவோம். ஆனால் அப்படி வரும் தொற்று பெரும்பாலும் பிறந்த 72 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உங்கள் மகளோ பத்து நாள் தேறிக்கொண்டிருந்தவள், 11ஆம் நாள்தான் சுணங்கியிருக்கிறாள். கிளெப்சியெல்லா மனிதக் குடலில் இருக்கும் கிருமி. மருத்துவமனையில் ஈரம் உள்ள இடமெல்லாம் அதற்கு வீடு. கை கழுவும் தொட்டியின் வடிகால், சளி உறிஞ்சும் குழாய், ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டிலில் நாள்பட நிற்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் அது பிழைத்துக் கிடக்கும். உங்கள் மகளுக்கு அது வார்டில் தொற்றியிருக்கவே வாய்ப்பு மிக அதிகம். பிறந்த அன்றே ரத்தம் எடுத்துக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்திருந்தால் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் கிருமி எதுவும் இல்லையென்றால் பனிக்குடத்தைப் பற்றிய கவலையையும் விட்டுவிடலாம்.

‘குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி குறைவு’ என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போய்ச் சேரும் எதிர்ப்புப் பொருட்களில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் போகிறது. அந்தச் சீதனம் முழுதாகக் கைக்கு வருமுன்பே உங்கள் மகள் புறப்பட்டு வந்துவிட்டாள். தோலும் மெல்லியது, பிளாஸ்திரியை எடுக்கும்போதே உரிந்துவிடும். ஆனால் மருத்துவமனைகள் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு வருத்தம். எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தையிடம் கிருமி தானாக நடந்து வருவதில்லை. யாரோ, எதுவோ கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இரவுப் பணியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஐந்தாறு குழந்தைகள். மூன்றாவது வார்மரில் (குழந்தையைச் சூடாக வைக்கும் கட்டில்) இருக்கும் குழந்தைக்கு மலம் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் ஐந்தாவது வார்மரில் மானிட்டர் அலறுகிறது, குழந்தை மூச்சை நிறுத்திவிட்டது. ஓடிப்போய் உள்ளங்காலைச் சுண்டி, முதுகை வருடுகிறாள். மூச்சு திரும்புகிறது. அந்தச் சில நொடிகளில் அவள் செய்தது உயிர் காக்கும் வேலை. ஹேண்ட் ரப் (கையைச் சுத்தம் செய்யும் ஸ்பிரிட் திரவம்) பாட்டில் ஒவ்வொரு கட்டிலோடும் மாட்டியிருந்தால் ஓடும்போதே கையில் எடுத்திருப்பாள். கதவோரம் ஒரே பாட்டில்தான் என்றால் எடுத்திருக்க மாட்டாள். மூன்றாவது குழந்தையின் குடலில் யாருக்கும் தொல்லையில்லாமல் இருந்த கிருமி, ஐந்தாவது குழந்தையின் தோலுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து ரத்தத்துக்குள் போக, மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் போட்டிருக்கும் ஐ.வி. லைன் போதும். மருந்து ஏற்றும் முன் லைனின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடியாவது அழுத்தித் தேய்த்து, பிறகு காயவிட வேண்டும். காய்வதற்குள் ஊசிக்குழலைச் செருகினால் தேய்த்ததன் பயன் முழுதாகக் கிடைக்காது. ஆறு குழந்தைகளுக்கும் ஆறு மணி மருந்து காத்திருக்கும்போது அந்த 15 விநாடிதான் முதலில் விட்டுப்போகும்.

அந்தச் செவிலியரை நான் குறை சொல்லவில்லை. ஐந்தாறு குழந்தைகளை ஒரு கையில் ஒப்படைக்கும் நிர்வாகத்தைத்தான் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டெம்பிசா மருத்துவமனையில் 2019 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இதே கிளெப்சியெல்லாவால் 10 பச்சிளங் குழந்தைகள் இறந்தன. அளவுக்கு மீறிக் குழந்தைகளைச் சேர்த்திருந்த பிரிவு அது. நெரிசலும் ஆள் பற்றாக்குறையும் இருக்கும் இடத்தில் கை கழுவச் சொல்லிச் சுவரில் எத்தனை படம் ஒட்டினாலும் போதாது.

நம் நாட்டு நிலைமை எப்படி என்பதற்கு டெல்லி ஆய்வு ஒன்று போதும். 2011 முதல் 2014 வரை அங்குள்ள மூன்று பெரிய மருத்துவமனைகளில் 13,530 பச்சிளங் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோரும் தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களில் 14.3 சதவீதம் பேருக்கு ரத்தத் தொற்று. ரத்தத்தில் வளர்ந்த கிருமிகளில் முதலிடம் அசினெட்டோபாக்டர், இரண்டாமிடம் கிளெப்சியெல்லா. அந்தக் கிளெப்சியெல்லாவில் பாதிக்கும் மேற்பட்டவை, துல்லியமாகச் சொன்னால் 54 சதவீதம், பலவகை ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாதவை. என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. மூன்றில் இரண்டு பங்குத் தொற்றுகள் முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருந்தன. அவற்றிலும் இதே கிருமிகள்தான் இருந்தன. தாயிடமிருந்து வந்திருக்கும் என்று நாங்கள் வழக்கமாக நினைக்கும் அந்த மூன்று நாளிலேயே, பிரசவ அறையிலிருந்தே மருத்துவமனைக் கிருமி குழந்தையைப் பிடித்திருக்கக்கூடும் என்று இது காட்டுகிறது. ‘தாயால் வந்தது’ என்று அவசரப்பட்டுச் சொல்கிறவர்கள் ஒருமுறை இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் கைக்கு வருவோம். கழுவாத கை யாருடையதாக இருந்தாலும் ஆபத்துதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. செவிலியரின் கை ஆறு குழந்தைகளைத் தொடுகிறது, மருத்துவரின் கை வார்டு முழுவதையும் தொடுகிறது, எக்ஸ்ரே எடுப்பவரின் கை மாடிக்கு மாடி போகிறது. உங்கள் கை தொடுவது ஒரே ஒரு குழந்தையை. உங்கள் தோலில் வாழும் சாதாரணக் கிருமிகள் அவள் உடம்பில் குடியேறினால் நல்லதுதான். அவை இடத்தைப் பிடித்துக்கொண்டால் வார்டுக் கிருமிக்கு இடம் குறையும். எச்சில், மலம், மருந்து, லைன், தொட்டி என்று சுற்றி வரும் கைகளுக்கு நடுவே, ஒழுங்காகக் கழுவிய தாயின் கைதான் அந்த அறையில் குழந்தைக்கு ஆபத்துக் குறைந்த கை. அதை வெளியே நிறுத்திவிட்டுத் தொற்றைத் தடுக்கிறோம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இது என் தனிக் கருத்து மட்டுமல்ல. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கார் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாமல் ஒன்றிலேயே பல குழந்தைகளைப் படுக்கவைத்துத் தொற்றில் இழந்துகொண்டிருந்த நிலையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு அப்படித்தான் தொடங்கியது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகள் பங்கேற்றன. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பாதியினரை உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்தார்கள்; தாய்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 17 மணி நேரம் குழந்தை தாயோடு இருந்தது. வழக்கமான முறையில் இருந்த குழந்தைகளில் முதல் 28 நாளுக்குள் 15.7 சதவீதம் இறந்தன. தாயோடு இருந்தவற்றில் 12 சதவீதம். தொற்றும் தாயோடு இருந்த குழந்தைகளில்தான் குறைவு. உங்கள் மகளின் எடை இந்த வரம்புக்குள் இருக்கிறது. இந்தியாவின் சுகாதார அமைச்சகமே 2017இல் பெற்றோரைக் குழந்தைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

மருத்துவமனை ஏன் உங்களைத் தள்ளி நிறுத்தியது என்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம். எளிதில் மசியாத கிருமி என்றால் அந்தக் குழந்தையைத் தனிமைப்படுத்துவார்கள். தொடுகிறவர் மேலங்கி போட வேண்டும், பக்கத்துக் குழந்தையிடம் போகக் கூடாது. அது சரியான நடைமுறை. ஆனால் அந்த விதி கிருமி மற்ற குழந்தைகளுக்குப் பரவாமல் இருக்கத்தான். தாயைத் தடுக்க அது காரணமாகாது. ஆகவே சண்டை போடாமல், பகல் வேளையில், பிரிவின் பொறுப்பு மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘டாக்டர், பாப்பா இப்போது நிலையாக இருக்கிறாளா? நீங்கள் சொல்கிறபடி கை கழுவி, மேலங்கி போட்டுக்கொள்கிறேன். கங்காரு முறையில் எப்போதிலிருந்து வைத்துக்கொள்ளலாம்?’ ஐ.வி. லைன் இருப்பதோ குழாய் வழியாகப் பால் போவதோ அதற்குத் தடையில்லை. ஆக்சிஜன் தேவைப்படாத குழந்தைக்கு ‘இப்போது முடியாது’ என்று சொன்னால், காரணத்தையும் கேளுங்கள்.

உள்ளே போகும் முன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மணிக்கட்டில் கோயில் கயிறு இருந்தால் அதையும்தான். கயிறு ஈரத்தை நாள் முழுதும் வைத்திருக்கும். அதனடியில் சோப்பு போகாது. மனம் கேட்கவில்லையென்றால் கழற்றி வீட்டில் சாமி படத்தின் முன் வையுங்கள், குழந்தை வீடு வந்ததும் கட்டிக்கொள்ளலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், நகச்சாயம் வேண்டாம். முழங்கைவரை சோப்புப் போட்டு, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் விடாமல் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். அதன்பின் செல்போனைத் தொட்டால் மறுபடி கை சுத்தம் செய்தாக வேண்டும். பல தாய்மார்கள் தவறுவது இங்கேதான். ஹேண்ட் ரப் போட்டால் காயும்வரை, 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கையில் எண்ணெய்ப் பிசுக்கோ பாலோ ஒட்டியிருந்தால் அது போதாது, சோப்பும் தண்ணீரும்தான். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கையில் புண் என்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

பாலைப் பற்றி உங்கள் மாமியாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தாய்ப்பாலில் கிருமியை எதிர்க்கும் பொருட்கள் இருக்கின்றன; குறைமாதக் குழந்தையின் குடலுக்கு அதைப்போல வேறு காப்பு இல்லை. பவுடர் பால் அப்படியல்ல. டப்பாவைத் திறக்கும் முன்பே அது கிருமி நீக்கப்பட்ட பொருள் கிடையாது. குரோனோபாக்டர் போன்ற கிருமி அதில் இருந்து குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. பாலால் தொற்று வருவதாக இருந்தால், அது அழுக்கான பம்ப், சரியாகக் கழுவாத கிண்ணம், வெளியே நெடுநேரம் வைத்த பால் இவற்றால்தான் வரும். அதற்குப் பால் எடுப்பதை நிறுத்துவது பரிகாரமல்ல, பாத்திரத்தைச் சுத்தமாக வைப்பதுதான் பரிகாரம். கையைக் கழுவி, கையாலேயே பீய்ச்சி எடுங்கள். பம்புக்கு இருக்கும் மூலைமுடுக்கு கைக்கு இல்லை. மூடியுள்ள சில்வர் கிண்ணத்தைச் சோப்பால் கழுவி, தினமும் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுங்கள். பாலாடைக்கும் இதே முறைதான். எடுத்த பாலை வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குளிர்பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம்.

இரண்டு முறையாகக் குறைந்ததால் பால் வற்றிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். இரவில் ஒருமுறையும் சேர்த்து நாளுக்கு எட்டு முறை எடுங்கள். முதல் ஓரிரு நாள் சில சொட்டுதான் வரும், மனம் தளர வேண்டாம். குழந்தையை மார்பில் வைத்திருந்த பிறகு எடுத்தால் அதிகம் சுரக்கும். அதுவரை பற்றாக்குறைக்குத் தாய்ப்பால் வங்கிப் பால் கிடைக்குமா என்று விசாரியுங்கள். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் முதல் வங்கி தொடங்கியபின், தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வந்துவிட்டது.

வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதை, தேறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆம்புலன்சில் குளிர்ந்துபோகலாம், லைன் நழுவலாம், புது இடத்தில் புதுக் கிருமிகள் இருக்கும். இப்போது இருக்கும் மருத்துவமனையில் இல்லாத சிகிச்சை தேவைப்பட்டால்தான் மாற்ற வேண்டும். அதற்குப் பதிலாக மருத்துவரிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். கல்ச்சர் அறிக்கையின்படி இந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்கிறது, எத்தனை நாள் கொடுப்பீர்கள்? தொற்று மூளை உறைக்குப் போயிருக்கிறதா என்று முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்த்தீர்களா? சாதாரண ரத்தத் தொற்றுக்கு 10 முதல் 14 நாள் போதும். மூளைக் காய்ச்சலாக இருந்தால் 21 நாளாவது வேண்டும், ஆகையால் இந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது, அவளுக்கு இருக்கும் லைன் இன்றும் தேவைதானா? தேவையில்லாமல் ஒரு நாள் கூடுதலாக இருக்கும் லைன், கிருமிக்குத் திறந்த வாசல். நல்ல பிரிவில் காலைச் சுற்றின்போது மருத்துவரே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வார்.

ஒரு குழந்தைக்குத் தொற்று வந்ததாலேயே மருத்துவமனை அலட்சியமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மிக நல்ல பிரிவுகளிலும் வருகிறது. ஆனால் அதே வாரத்தில் பக்கத்துக் குழந்தைகளுக்கும் இதே கிருமி வந்திருந்தால் அது விசாரிக்க வேண்டிய விஷயம். வெளியே காத்திருக்கும் மற்றத் தாய்மாரிடம் பேசிப் பாருங்கள். அப்படித் தெரிந்தால் இரவுச் செவிலியரிடம் கத்தாமல், கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். எத்தனை குழந்தைகளுக்குத் தொற்று வருகிறது என்று கணக்கு வைப்பது மருத்துவமனையின் கடமை.

வீட்டுக்கு வந்தபின் மாமியாரின் உதவி உங்களுக்கு நிறையவே வேண்டும். அவர் கோபத்துக்குப் பின்னால் பேத்தியைப் பற்றிய பயம்தான் இருக்கிறது. பால் கிண்ணம் கொதிக்கவைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். கங்காரு முறையில் பாட்டியும் வைத்துக்கொள்ளலாம், அப்பாவும் வைத்துக்கொள்ளலாம். சட்டையைத் திறந்து மார்போடு அணைத்துத் துணியால் கட்டினால் போதும். ஆனால் சேனை வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து, மூக்கில் எண்ணெய் விடுவது, தொப்புளில் எதையும் பூசுவது இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே பார்த்துவிட்டுப் போகட்டும்.

குறைமாதக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்பதில்லை. உடம்பு சில்லிடுவதுதான் பல நேரம் முதல் அறிகுறி. பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60க்கு மேல் போனாலோ, மார்புக்கூடு உள்ளே இழுத்தாலோ, வயிறு உப்பினாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, இதற்கு நாள் கணக்கு இருக்கிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகும் அபாயம் உண்டு. ஆக்சிஜனில் இருந்ததும், தொற்று வந்ததும் அதைக் கூட்டும். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். முதல் கண் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள் நடந்தாக வேண்டும்; உங்கள் மகளுக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. வார்டிலேயே இருந்தாலும் கண் மருத்துவரை அங்கே வரவழைத்துப் பார்க்கலாம். வீட்டுக்கு அனுப்பும் முன் காது கேட்கும் திறனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தொற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடியவை. இந்த இரண்டுக்கும் தேதியை நாளைக் காலைச் சுற்றிலேயே கேட்டு, குழந்தையின் கோப்பில் எழுதச் சொல்லிவிடுங்கள்.